முப்பது எஸ்குடோ: கோவாவில் ஆறு மழைநாட்கள்

ஜூன் 23, திங்கள். மட்காவ், பணஜி

"மழைக்காலத்துல கோவாவா? அதுவும் காகிதம் வாங்கவா?" என்று வீட்டில் கேட்டார்கள். நாகர்கோவில்காரனுக்கு மழை என்ன புதிதா என்று சமாளித்துவிட்டுக் கிளம்பினேன். மட்காவ் ஸ்டேஷனில் இறங்கிய பத்தாவது நிமிஷம் தெரிந்துவிட்டது, நாங்கள் ஊரில் மழை என்று சொல்லிக்கொண்டிருப்பது வெறும் தூறல். இங்கே மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வருகிறது. எங்கோ பாதையில் மண் சரிந்து ரயில் மூன்று மணி நேரம் தாமதம். குடை இரண்டு முறை திரும்பிக்கொண்டது. பையில் துண்டு, சட்டை எல்லாம் நனைந்துவிட்டன. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கேட்டலாக்கும் பூதக்கண்ணாடியும் மட்டும் தப்பின.

வந்த காரியம் இதுதான்: போர்த்துக்கீசியர் காலத்துக் கோவா நோட்டு ஒன்று வாங்க. பாங்கோ நாசியோனால் உல்ட்ராமாரினோ என்று ஒரு போர்த்துக்கீசிய வங்கி. 'கடல்கடந்த தேசிய வங்கி' என்று சொல்லலாம். 1864-ல் லிஸ்பனில் தொடங்கியது. மொசாம்பிக், கேப் வெர்டே, மக்காவ், திமோர் என்று போர்த்துக்கல் கொடி பறந்த இடங்களுக்கெல்லாம் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 1906-ல் கோவாவுக்கு நோட்டு வெளியிடும் உரிமையும் அதன் கைக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கே அரசாங்கமே நோட்டு விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பாண்டிச்சேரியிலிருந்து. பிரெஞ்சு இந்தியாவுக்காக இந்தோசீனா வங்கி வெளியிட்ட ஒரு ரூபாய் நோட்டு, நான்காக மடிந்து கிழிந்தது, ஒரு நண்பரிடம் கிடைத்தது. நம்ம ஊர் ரூபாயைச் சைகோன் பக்கத்து வங்கி எதற்கு அச்சடித்தது என்று தேடப்போனவன்தான். இன்னும் திரும்பி வரவில்லை.

பணஜியில் ஃபோன்டைன்யாஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அறை, இரவுக்கு 1,800 ரூபாய். வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது வயது. "உள்ளே வா பாபா, செருப்பை அங்கேயே விடு, பல்லி ஏறிவிடும்" என்றார் இங்கிலீஷில். என்னை பாபா என்றுதான் கூப்பிட்டார். நம் பக்கத்துத் தம்பி மாதிரி. நான் அவரை ஆன்ட்டி என்றேன்.

ஜூன் 24, செவ்வாய். மட்காவ்

காலையில் ஹாரன் சத்தம் கேட்டு எழுந்தேன். சைக்கிளில் ரொட்டிக்காரர். இங்கே அவருக்குப் பொதேர் என்று பெயர். தவிடு தூவிய, உள்ளே காற்றடைத்த ரொட்டிக்குப் பெயர் பொய். ஆன்ட்டி கீழே நின்று, "பாபா, உனக்கு எத்தனை பொய்?" என்று கேட்டபோது நான் சிரித்ததற்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. பொய் ஒன்று ஏழு ரூபாய். உண்மையாகவே நல்ல ரொட்டி.

மட்காவ் பழைய சந்தைப் பக்கம் ஒரு நாணயக் கடை. போனில் பேசி வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரும்பு அலமாரி ஒன்று. கடைக்காரப் பெரியவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"இன்று ஆல்பம் திறக்க மாட்டேன்."

ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறேன் என்றேன். "மழையும் அரபிக்கடலிலிருந்து வந்திருக்கிறது" என்றார். காற்றில் ஈரம் இவ்வளவு இருக்கும்போது உறையைத் திறந்தால் காகிதம் அந்த ஈரத்தைக் குடித்துவிடும், மூடியபின் உள்ளே பூஞ்சை பூக்கும், ஒரு மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும் என்று சொன்னார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் விற்கவேண்டியவர் ஒருவர் விற்க மறுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். டீ மட்டும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வெளியே வந்தால் மணி ஒன்றரை. ஊரே ஷட்டரை இறக்கிவிட்டு மதியத் தூக்கம் போடுகிறது. நான்கு மணி வரை எதுவும் திறக்காது. திறந்திருந்த ஒரே ஹோட்டலில் மீன் சாப்பாடு கேட்டேன். கருவாடு இருக்கிறது என்றார்கள். மறந்தே போயிருந்தேன். நம்ம கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை. கருவாட்டுக் குழம்பும் புளிப்பான கொக்கம் தண்ணீரும் 160 ரூபாய். கருவாட்டில் நம்ம குளச்சல்காரர்கள் இவர்களுக்கு ஒரு படி மேல் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

திரும்பும் வழியில் மழைக்கு ஒதுங்கிய கிராமத்தில் மேளச் சத்தம். இன்று சாவ் ஜுவாவ், அதாவது இயேசுவுக்குத் திருமுழுக்கு கொடுத்த அருளப்பரின் திருநாள். தலையில் பூவும் கொடியும் சுற்றிய கிரீடத்தோடு ஆண்கள் கிணற்றுக்குள் குதிக்கிறார்கள். அருளப்பர் தாய் வயிற்றில் துள்ளியதன் நினைவாம். நான் சும்மா வேடிக்கை பார்த்ததுதான் தப்பு. யாரோ என் தலையிலும் ஒரு கிரீடத்தை வைத்தார். பையை ஒரு பாட்டி வாங்கிக்கொண்டார். அடுத்த நொடி கிணற்றுக்குள் இருந்தேன். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவே இல்லை. பர்ஸ் சட்டைப்பையில். இரவு அறையில் ஐநூறு ரூபாய் நோட்டுகளை மின்விசிறிக்குக் கீழே வரிசையாக விரித்துக் காயவைத்தேன். பழைய நோட்டு தேடி வந்தவன்.

ஜூன் 25, புதன். பணஜி

மழை நிற்கவில்லை. தபால் நிலையத்துக்குப் பின்னால் காசா தா மொயேதா என்ற வீட்டைத் தேடிப் போனேன். நாணயச் சாலை என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நாணயம் அடித்திருக்கிறார்கள். இப்போது வீடு. வாசலில் நின்று போட்டோ எடுத்தேன். மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் கையசைத்தார். அவ்வளவுதான்.

மின்சாரம் போனதால் மாலையில் ஆன்ட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அடுக்கடுக்காகச் சுட்ட பெபிங்கா ஒரு துண்டு தந்தார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். வங்கியின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வங்கியா? அது என் அம்மாவின் வளையலை லிஸ்பன் கொண்டுபோன வங்கி."

கதை எனக்கு ஏட்டளவில் தெரியும். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் வருவதற்குச் சற்று முன்பு, வங்கியில் கோவாக்காரர்கள் வைத்திருந்த தங்கம் கப்பலேறிப் போய்விட்டது. ஆட்சி மாறியது, கொடி மாறியது, பணம் மாறியது. தங்கம் மட்டும் முப்பது வருஷம் லிஸ்பனில் கிடந்து 1991-ல்தான் திரும்பி வந்தது. ஆன்ட்டியின் அப்பா வீட்டுக் கூரை ஓடு மாற்ற இரண்டு வளையலை அடகு வைத்திருந்தாராம். வங்கி கொடுத்த ரசீதை அம்மா ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாத்தார். வளையல் திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

"இது அதில் ஒன்று" என்று இடது கையை நீட்டினார். மெலிந்த வளையல். "கூரை ஓட்டை நான் அப்புறம் மூன்று தடவை மாற்றிவிட்டேன்."

ஜூன் 26, வியாழன். மட்காவ் மறுபடி

தூறல்தான். நம்பிக்கையோடு போனேன். பெரியவர் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஆனால் இன்று பேசத் தயாராக இருந்தார். இரும்பு அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குண்டு பல்பு எரிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரவும் பகலும் அணைப்பதே இல்லையாம். அந்தச் சூட்டில்தான் காகிதம் பிழைக்கிறது. கோவாவில் பட்டுப்புடவை அலமாரியிலும் இப்படி பல்பு போடுவார்கள் என்றார். எல்லாப் பிளாஸ்டிக் உறையையும் அவர் நம்புவதில்லை. பிவிசி உறையில் வைத்த நோட்டு சில வருஷத்தில் பிசுபிசுப்பாகிவிடும், மைலார் என்கிற பாலியெஸ்டர் உறைதான் சரி என்றார். என் உறைகளை எடுத்துக் காட்டினேன். முதல்முறையாக என்னை மதித்துப் பார்த்தார்.

சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த ஒரு நோட்டை இறக்கிவைத்தார். 1917-ம் வருஷத்து எட்டு தங்கா. கைக்குட்டையில் பாதிகூட இல்லாத காகிதம். பதினாறு தங்கா ஒரு ருபியா, அதாவது கோவாவின் ரூபாய். நம் பதினாறு அணா கணக்கேதான். அந்த வருஷம் நான்கு தங்கா, எட்டு தங்கா, ஒரு ருபியா, இரண்டரை ருபியா என்று சில்லறை நோட்டுகள் வந்தன. முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறியதும் வெள்ளிக்காசைப் பதுக்கிவிட்டார்கள். அதே 1917 கடைசியில் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரு ரூபாய்க் காகித நோட்டை விட்டது. அதையடுத்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் ஒரு குடியரசு. தட்டுப்பாடு மட்டும் ஒன்றே.

அதற்கும் முன்பே இரண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டவைதான். 1878 ஒப்பந்தப்படி கோவாவின் நாணயம் பிரிட்டிஷ் ரூபாயோடு ஒட்டிக்கொண்டது. 1881-ல் போர்த்துக்கல் மன்னர் லூயிஸின் தலை போட்ட ருபியாவைக் கல்கத்தா நாணயச் சாலையில் அடித்தார்கள். பெரியவர் அந்தக் காசு ஒன்றை மேஜையில் சுண்டிவிட்டார். வெள்ளிச் சத்தம் கணீரென்று கேட்டது. "இதற்கு மழை பயமில்லை" என்றார். "ஆனால் காசு எனக்குப் பிடிக்காது. காசு சாகாது. காகிதம் சாகும், அதனால்தான் பிடிக்கும்."

இவரைப்போல் பேச எனக்கு இன்னும் முப்பது வருஷம் ஆகும்.

நோட்டில் கப்பல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் கொண்டுவந்த கண்ணாடியை எடுத்தால் லென்ஸுக்குள் ஈரம் புகுந்து மேகம் போட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமைக் கிணற்றுப் பாட்டி பையை ஓட்டுத் தாழ்வாரத்துக்கு நேர் கீழே வைத்திருந்தார் போல.

ஜூன் 27, வெள்ளி. பழைய கோவா, மாபுசா

என் முட்டாள்தனத்துக்கென ஒதுக்கிய நாள். பழைய கோவாவில் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் அஃபோன்சோ தெ அல்புகெர்க்கின் பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. 1510-ல் கோவாவைப் பிடித்தவர். கடைசிக் காலத்து நோட்டுகளிலெல்லாம் இருப்பது அவர் தாடிதான். நோட்டில் இருக்கும் முகத்தையும் சிலையின் முகத்தையும் ஒப்பிடவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நனைந்துகொண்டே போனால் கதவு பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்.

எதிரே போம் ஜேசு பேராலயம். மேலே வெள்ளிப் பேழையில் சவேரியார். எங்கள் ஊர்க் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா என்றால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பள்ளிக்கூடக் காலத்தில் சவேரியாரை நான் அறிந்தது லீவு தந்த சாமியாகத்தான். அவர் உடல் இங்கே இருக்கிறது, எங்களுக்கு லீவு அங்கே. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியாம். "நனைஞ்சிட்டீங்களே அண்ணே" என்று ஒரு டவலை நீட்டினார்கள். மறுத்தும் விடவில்லை.

மாபுசாவில் வெள்ளிச் சந்தை. இந்த ஈரத்திலும் ஜனம். மாலை மாதிரி கோத்த பன்றி இறைச்சி சோரிசோ, மண் பாத்திரம், எங்கள் ஏத்தன் வாழையையே தோற்கடிக்கும் தடித்த மொய்ரா வாழைப்பழம். மழைக்குப் புற்றில் முளைக்கும் ஓல்மி காளானை இலையில் கட்டி வைத்திருந்தார்கள். விலை கேட்டேன். ஒரு கட்டு ஆயிரத்தைத் தாண்டியது. மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. "பார்ப்பதற்குக் காசில்லை" என்று சிரித்தார்.

சந்தையின் ஓரத்தில் பழம்பொருள் கடை. மேஜையில் 'பழைய போர்த்துக்கீசிய நோட்டு' அடுக்கி வைத்திருந்தார்கள். 1917-ம் வருஷத்து இரண்டரை ருபியா, 6,000 ரூபாய். டீக் கறை மாதிரி அழகாகப் பழுத்திருந்தது. அதுதான் சந்தேகம். உண்மையில் பழுத்த நோட்டு மடிப்பில்தான் கறுக்கும். இது ஓரம் முழுக்க ஒரே சீராகப் பழுத்திருந்தது. சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன புற ஊதா டார்ச்சை அடித்தேன். நீலமாகப் பளீரென்று மின்னியது. அப்படி மின்னவைக்கும் வெளுப்பான் ரசாயனம் 1917-ல் காகிதத்தில் கிடையாது. கடைக்காரரின் கண்ணாடியையே கடன் வாங்கிப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தன. நல்ல செதுக்கு அச்சில் கோடு கோடாகவே இருக்கும்.

கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "ஃப்ரேம் பண்ணி மாட்டுங்கள் சார், 300 கொடுங்கள்." ஆறாயிரத்திலிருந்து முந்நூறுக்கு ஒரே தாவல். வாங்கவில்லை. இப்போது யோசித்தால் வாங்கியிருக்கலாம். வகுப்பு எடுக்க உதவும்.

ஜூன் 28, சனி. மட்காவ், பணஜி

காலை எட்டரைக்குப் போன். "வெயில் வந்திருக்கிறது. ஓடி வா."

நிஜமாகவே வெயில். ஊரே துணி உலர்த்துகிறது. மதிலில் மெத்தை, கார் மேல் தலையணை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் மேஜை மேல் வெள்ளைத்துணி விரித்து வைத்திருந்தார். என்னைக் கை கழுவி, துடைத்து, மின்விசிறியில் காட்டச் சொன்னார். அப்புறம்தான் ஆல்பம்.

ஒரு மணி நேரம் எப்படிப் போனது தெரியவில்லை. 1945-ம் வருஷத்து நோட்டுகள், அல்புகெர்க்கின் தாடியோடு. அப்புறம் கடைசி வரிசை, 1959 ஜனவரி 2 என்று தேதி போட்டவை. அந்தக் கட்டத்தில் லிஸ்பன் ருபியாவை ஒழித்துவிட்டு, போர்த்துக்கலின் பணமான எஸ்குடோவைக் கொண்டுவந்தது. கோவா இந்தியா அல்ல, போர்த்துக்கலின் ஒரு மாகாணம் என்று உலகத்துக்குச் சொல்லவேண்டிய நெருக்கடி. பணத்தின் பெயரையும் தாய்நாட்டுப் பெயராக்கினார்கள். ஒரு ருபியாவுக்கு ஆறு எஸ்குடோ.

இப்போது நோட்டுகளின் மதிப்பைப் பாருங்கள். 30, 60, 100, 300, 600, 1000. முப்பதும் அறுபதும் நோட்டாக வருவதை எத்தனை இடத்தில் பார்த்திருப்பீர்கள்? ஆறால் வகுத்தால் விடை: ஐந்து, பத்து, ஐம்பது, நூறு. பழைய ருபியா நோட்டேதான், சட்டை மட்டும் வேறு. சந்தையில் மீன்காரி ஐந்து ருபியா என்றுதான் கேட்பாள். அவளுக்கு முப்பது எஸ்குடோ நோட்டு வேண்டும். 100-ம் 1000-மும் ஆறால் வகுபடாது. அந்த இரண்டும் லிஸ்பன் கணக்கு. மற்ற நான்கும் மாபுசா சந்தைக் கணக்கு. இதைக் கேட்டலாக்கில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆறு நோட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மூன்று வருஷம்கூட இந்த நோட்டுகள் முழுசாக வாழவில்லை. 1961 டிசம்பர் வந்துவிட்டது.

600-க்கும் 1000-க்கும் சொன்ன விலை என் ஊருக்கு ஆகாது. முப்பது எஸ்குடோ ஒன்று, நடுவில் ஒரு மடிப்பு, இடது மூலையில் இரண்டு குண்டூசித் துளை. 4,500 சொன்னார். குண்டூசித் துளையைக் காட்டிப் பேரம் பேசினேன். "அது துளை இல்லை. அந்தக் காலத்துக் காசாளர் கட்டுக்கு ஊசி குத்திய அடையாளம். அதற்கு நான்தான் கூடுதல் கேட்கவேண்டும்" என்றார். கடைசியில் 4,200. உறையில் போட்டு மூடிய இரண்டாவது நிமிஷம் வெளியே சடசடவென்று மழை. அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இரவு ஆன்ட்டி நோட்டைப் பார்க்கவேண்டும் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கணக்குப் போட அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஐந்து ருபியா. எவ்வளவு கொடுத்தாய்?"

சொன்னேன்.

"ஐந்து ருபியாவுக்கு நாலாயிரத்து இருநூறா! எங்கள் வீட்டில் இது எத்தனை கிடந்தது தெரியுமா? இந்தியா வந்தபிறகு வங்கி வாசலில் வரிசையில் நின்று மாற்றினோம். அப்பா ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்று ராத்திரி இது என்னிடம் இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொடுத்தேன்.

காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது மாடிப்படி இறங்கி வந்து உறையைக் கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. புடவை அலமாரிக்குள், பல்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். கூடவே காகிதப் பையில் வழிக்கு நான்கு பொய்.